1994-இன் சாம்பியன்

1994-ஆம் ஆண்டு பேஸ்பால் உலகத் தொடரை ஜெயித்தது யார் என்று அமெரிக்காவில் யாரை நிறுத்திக் கேட்டாலும், “அந்த வருஷம் உலகத் தொடரே நடக்கவில்லையே” என்பார்கள். நடந்தது. எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். ஆனால் யாராவது விசாரித்தால் தனக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடுவாள்.

கொஞ்சம் முன்கதை. 1994 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள் முதலாளிகள். முடியாது என்றது சங்கம். இரு தரப்பிலும் கோடீஸ்வரர்கள் நிறைய என்பதால் யாரும் கஞ்சித்தொட்டி திறக்கவில்லை. செப்டம்பர் 14 அன்று, ஆணையர் பொறுப்பை வகித்த பட் ஸீலிக் மீதி சீசனையும் உலகத் தொடரையும் ரத்து செய்தார். அவரே ஓர் அணியின் முதலாளியும்கூட. இரண்டு உலகப் போர்களின்போதும் நடந்த தொடர் அது. 1989-ல் தொடரின் நடுவே சான் ஃபிரான்சிஸ்கோவில் பூகம்பம் வந்தது. பத்து நாள் தள்ளிப்போட்டு ஆடி முடித்தார்கள். பூமி ஆடியபோது நிற்காதது சம்பளப் பேச்சில் நின்றுவிட்டது.

நின்ற நேரம்தான் அக்கிரமம். அன்றைக்கு அத்தனை அணிகளிலும் முன்னால் இருந்தது கனடாவின் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ்: 74 வெற்றி, 40 தோல்வி. அடுத்த இடத்திலிருந்த அட்லாண்டாவைவிட ஆறு ஆட்டம் முன்னிலை. கையில் காசில்லாத அணி. அதன் ஒலிம்பிக் மைதானத்தில் 1991-ல் 55 டன் கான்கிரீட் உத்தரம் ஒன்று இடிந்து விழுந்து, மீதி ஆட்டங்களை எல்லாம் வெளியூரில் போய் ஆடியவர்கள். ஆனால் ஆட்டக்காரர்கள் ரத்தினங்கள். லாரி வாக்கர், மார்க்கீஸ் கிரிஸம், மொய்ஸெஸ் அலூ, மொய்ஸெஸின் அப்பாவே மேனேஜர். பந்து வீச 22 வயது பெட்ரோ மார்ட்டினெஸ். அந்த ஏப்ரலில் பெட்ரோ எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாமல் வீசிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பந்து சின்சினாட்டியின் ரெஜி சாண்டர்ஸ் மேல் பட்டது. வேண்டுமென்றே அடித்தார் என்று சாண்டர்ஸ் அடிக்க ஓடிவந்தார். வாழ்நாள் சாதனை கைக்கு எட்டுகிற நேரத்தில் எவனாவது வேண்டுமென்று ஆளை அடிப்பானா? கோபம் வந்தவரிடம் தர்க்கம் பேச முடியாது. எங்கள் வீட்டிலும் இதே நடைமுறைதான்.

வேலைநிறுத்தம் 1995 ஏப்ரலில் முடிந்ததும் எக்ஸ்போஸ் முதலாளிகள் கடையைக் காலி செய்வதுபோல ஆட்டக்காரர்களைக் கழித்துக்கட்டினார்கள். வாக்கர் கொலராடோ போனார். கிரிஸம் அட்லாண்டாவுக்குப் போனார். அந்த வருஷமே அட்லாண்டா உலகத் தொடரை ஜெயித்தது, கடைசிப் பந்தைப் பிடித்தவர் கிரிஸம். கடைசி ஓவர் நாயகன் மாதிரி ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளர் ஜான் வெட்டலண்ட் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். 1996 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. எக்ஸ்போஸ் மட்டும் எங்கும் போகவில்லை. 2005-ல் அதுவும் போயிற்று, வாஷிங்டனுக்கு, வேறு பெயரில்.

இதை எல்லாம் நியூ ஜெர்சிக்கு வந்த பிறகுதான் படித்தேன். படித்ததும் ரத்தம் கொதித்தது. நாம் யார்? பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடப்புத்தகத்தைப் படக்கென்று பிரித்து, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எழுதி, பூஜ்யம் வந்தால் அவுட் என்று இந்தியாவைப் பல முறை உலகக் கோப்பை ஜெயிக்க வைத்த பரம்பரை. ஒரு பேஸ்பால் சீசனை முடித்துவைக்க முடியாதா?

முடியும். அதற்கென்றே ‘அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்’ என்று ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது. எழுதியவர் மார்கஸ் ஹைன்ஸோன் என்ற ஜெர்மானியர். எந்தப் பழைய ஆண்டை வேண்டுமானாலும் திறந்து, ஆட்டக்காரர்களின் அசல் திறமைகளை ஏற்றி, அன்று நடந்ததைவிட்டு வேறு வழியில் ஓட்டலாம். ஆக, ஜெர்மன்காரர் எழுதிய அமெரிக்க ஆட்டத்தில் கனடா அணிக்கு மேனேஜராக ஒரு கும்பகோணத்துக்காரன் பதவியேற்றான். வேலைநிறுத்தம் இல்லாத 1994 பிறந்தது.

வரலாற்றைத் திருத்த உட்காருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சூழ்நிலையைத்தான் நீங்கள் திருத்துகிறீர்கள். சீசன் தன் இஷ்டத்துக்குப் போகும். சான் டியாகோவின் டோனி க்வின் அசல் 1994-ல், ஆட்டம் நின்றபோது, .394 சராசரியில் இருந்தார். 1941-ல் டெட் வில்லியம்ஸுக்குப் பிறகு யாரும் தொடாத .400-ஐ இவர் தொட்டிருப்பாரா என்று இன்றைக்கும் வயசானவர்கள் சண்டை போடுகிறார்கள். என் 1994-ல் க்வின் பக்கத்தில்கூட வரவில்லை. சீசன் முழுக்கச் சாதாரண மனிதராக ஆடிவிட்டு வீட்டுக்குப் போனார். மேட் வில்லியம்ஸ் அசலில் 43 ஹோம் ரன் அடித்து, ராஜர் மாரிஸின் 61-ஐத் துரத்திக்கொண்டிருந்தவர். என் உலகத்தில் காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் நான்தான் வாய்ப்பு வாங்கிக் கொடுத்தேன். நன்றி கெட்ட உலகம்.

எக்ஸ்போஸ் தட்டுத்தடுமாறி, கடைசி வாரத்தில் அட்லாண்டாவை முந்தியது. அந்த வாரத்தில்தான் திரையில் செய்தி வந்தது: பெட்ரோ மார்ட்டினெஸுக்கு முழங்கை வலி, இந்த சீசன் இனி கிடையாது. நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடிவந்தாள்.

“என்னாச்சுங்க? ஊர்ல யாருக்காவது…?”

“பெட்ரோவுக்கு முழங்கை.”

“ஆபீஸ்ல வேலை பாக்கறவரா?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அப்புறம், “இந்த ஆட்டத்துல நீங்க நினைச்சா எதை வேணா மாத்தலாம்னு சொன்னீங்களே. அவர் கையைச் சரி பண்ணிடுங்களேன்” என்றாள்.

உண்மைதான். ஆணையர் அதிகாரம் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே தட்டு; வலி போய்விடும். “அது தர்மமில்லை” என்றேன்.

“நடக்காத மேட்ச்சுல என்னங்க தர்மம்?”

இந்தக் கேள்விக்கு ராபர்ட் கூவர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1968-ல் ஒரு முழு நாவலே எழுதியிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சாப்பாடு தாமதமாகும். அதன் நாயகன் ஹென்றி வா ஒரு கணக்கர். சமையலறை மேஜையில் பகடை உருட்டி, ஒரு முழு பேஸ்பால் லீகையே தனியாளாக நடத்துகிறார். அவருக்குப் பிடித்த இளைஞன் ஒருவன் பகடை விழுந்த விதத்தில் பந்து பட்டுச் செத்துப்போகிறான். துக்கம் தாளாமல் ஒரு நாள் ஹென்றி பகடையைக் கையாலேயே திருப்பி வைக்கிறார். அதோடு அவருக்கும் நிஜ உலகத்துக்கும் இருந்த மிச்சசொச்ச உறவும் அறுந்துபோகிறது. பெட்ரோவின் முழங்கை அப்படியே வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது.

எக்ஸ்போஸ் எப்படியோ உலகத் தொடர் வரை வந்துவிட்டது. எதிரணியாக வந்தது யாங்கீஸ். இங்கேதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதைக்குள் வருகிறார். பிராங்ஸில் பிறந்து வளர்ந்த யாங்கீஸ் பக்தர். அவருக்குக் கணினியில் நம்பிக்கை கிடையாது. “உலகத் தொடரைப் பகடையில் ஆடுவோம்” என்று தன் கராஜுக்குக் கூப்பிட்டார்.

அவரிடம் இருந்தது ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக். ஹால் ரிச்மன் என்பவர் பதினொரு வயதில் யோசித்து 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டம். தொழிலுக்கு அப்பாவிடம் கடன் வாங்கினார். தோற்றால் அப்பாவின் இன்சூரன்ஸ் வியாபாரத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்பாக்கள் எல்லா ஊரிலும் அப்பாக்கள்தான். ஆனால் பையன் தோற்கவில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அந்த ஆண்டில் அவர் எப்படி ஆடினாரோ அதுவே நிரல்நிரலாக அச்சாகியிருக்கும். மூன்று பகடை உருட்ட வேண்டும். வெள்ளைப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பந்துவீச்சாளரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். சந்தேகமான இடங்களில் இருபது முகப் பகடை ஒன்று தீர்ப்பு வழங்கும்.

தொடங்குமுன் பெரியவர் ஓர் அட்டையைத் தனியே எடுத்துத் துணியால் துடைத்து வைத்தார். டான் மாட்டிங்லி. யாங்கீஸ் 1981-ல் உலகத் தொடர் ஆடியது. 1982-ல் மாட்டிங்லி அணிக்கு வந்தார். முதுகுவலியோடு ஆடி 1995-ல் முடித்துக்கொண்டார். 1996-ல் யாங்கீஸ் உலகத் தொடரை ஜெயித்தது. இத்தனை வருஷத்தில் ஓர் உலகத் தொடர்கூட அவர் ஆடவில்லை. 1994-ல் அமெரிக்கன் லீகில் முதலிடத்தில் இருந்தது யாங்கீஸ். “உன் எக்ஸ்போஸுக்கு மட்டும்தான் அநியாயம் நடந்ததா?” என்று கேட்டார் பெரியவர். எனக்குப் பதில் வரவில்லை. நான் ஒருவனுக்கு நியாயம் வாங்கித்தர வந்தவன். மேஜைக்கு எதிர்ப்புறம் இன்னொரு மனு காத்திருந்தது.

ஏழாவது ஆட்டம். மாண்ட்ரியல் மைதானம் (கராஜில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பனி தள்ளும் மண்வெட்டிக்கும் நடுவே). ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதி, எக்ஸ்போஸ் ஒரு ரன் முன்னிலை, இரண்டு பேர் அவுட், முதல் பேஸில் ஒருவர். பந்து வெட்டலண்ட் கையில். மட்டை மாட்டிங்லி கையில். பெரியவர் வானொலி வர்ணனையாளர் குரலில் பேச ஆரம்பித்திருந்தார். கூட்டத்தின் ஆரவாரத்தையும் அவரே போட்டார். அவர் மனைவி ஒருமுறை கதவைத் திறந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். உலகம் முழுக்க மனைவிமார்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது போலிருக்கிறது.

பகடை உருண்டது. வெள்ளையில் 2. மாட்டிங்லியின் அட்டை. விழுந்த வரியில் இரண்டு விடைகள்: இருபது முகப் பகடையில் சிறிய எண் விழுந்தால் ஹோம் ரன், பெரிய எண் விழுந்தால் டபுள். பெரியவர் அதைக் கைக்குள் வைத்து நெடுநேரம் குலுக்கினார். மேஜை ஓரம் வரை உருண்டு, மட்டையடி வாங்கிய பந்து மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, 3-ல் நின்றது.

பெரியவர் எழுந்து கராஜை ஒரு முழு வட்டம் ஓடிவந்தார். எழுபது தாண்டியவர். பேஸ்களைச் சுற்றி ஓடினால்தான் ஹோம் ரன் செல்லுபடியாகும் என்றார். கீழ்ப்பாதியில் என் ஆட்கள் மூன்று பேரும் வரிசையாக அவுட். யாங்கீஸ் சாம்பியன், மாட்டிங்லிக்கு சாம்பியன் மோதிரம். என் எக்ஸ்போஸைத் தோற்கடித்த பந்தை வீசிய வெட்டலண்ட், அசல் வாழ்க்கையில் இரண்டே வருஷத்தில் அதே யாங்கீஸுக்கு உலகத் தொடரை வாங்கிக் கொடுத்தவர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “அப்ப நீங்க மாத்தின சரித்திரத்துலயும் தோத்துட்டீங்களா?” என்றாள் மனைவி. “ஆமாம்” என்றேன். சொல்லும்போது ஏனோ நிம்மதியாக இருந்தது. தோற்றது தோற்றதுதான். ஏழாவது ஆட்டம், இரண்டு அவுட், மாட்டிங்லி, ஹோம் ரன் என்று புலம்புவதற்கு ஒரு விவரம் கிடைத்தது. மாண்ட்ரியல்காரர்களுக்கு அதுகூட இல்லை.

பிறகு பெரியவரும் நானும் இன்னொரு லீகைத் தொடங்கினோம். அதில் கறுப்பின ஆட்டக்காரர்களை ஒதுக்கிவைத்த நிறவெறித் தடை என்ற ஒன்றே கிடையாது. ஜோஷ் கிப்ஸன் என்ற மாபெரும் மட்டையாளர் 1947 ஜனவரியில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்து மேஜர் லீகில் இறங்கினார். கிப்ஸனை எங்கள் லீகில் சேர்த்து, பெரிய சீர்திருத்தம் செய்த பெருமையோடு இருந்தோம். பார்த்தால், அசல் லீகே எங்களை முந்திக்கொண்டது. கறுப்பின ஆட்டக்காரர்களின் நீக்ரோ லீக்குகளின் கணக்கை 2024-ல் தன் பேரேட்டில் சேர்த்தது. சராசரியில் டை காபின் .367 இரண்டாம் இடத்துக்கு இறங்க, கிப்ஸனின் .372 முதலிடத்துக்கு ஏறியது.

காலம் கடந்த நியாயம்தான். ஆனாலும் அது சாத்தியமானதற்கு ஒரே காரணம், பெரிய லீக் கதவைச் சாத்தியபோதும் அந்த மனிதர்கள் தங்கள் லீகில் ஆடி, யாரோ ஒருவர் ஸ்கோர் எழுதி வைத்ததுதான். ஆடிய ஆட்டத்தை எழுபத்தைந்து வருஷம் கழித்தும் கணக்கில் சேர்க்கலாம். 1994-ன் மீதி ஆட்டங்களைச் சேர்க்க முடியாது. சேர்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே முதலாளிகளே, சங்கத்தாரே, அடுத்த முறை உச்சவரம்புச் சண்டை வரும்போது தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் சீசனை ஆடி முடித்துவிடுங்கள். தோற்றால் நூறு வருஷம் புலம்பிக்கொள்ள எங்களால் முடியும். அதற்கு ஒரு ஸ்கோராவது வேண்டும்.