ஸ்பேஸ் பார் சேவை

கூகுளில் உருப்படியாகத் தேடுவது எப்படி என்று ஐம்பது வயதுக்கு மேல் நான் கற்றுக்கொண்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் எட்டாம் வகுப்புத் தமிழ் வினாத்தாள் வந்து தொலைத்தது.

முந்தாநாள் இரவு நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேர்டு கோப்பு. "ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துடுங்க சார்." திறந்தேன். அவர் வைத்த எழுத்துரு என்னிடம் இல்லை. வேர்டு தானாக வேறொன்றை எடுத்துப் போட்டது. 'மதிப்பெண்: 60' இரண்டாகப் பிளந்து, 60 மட்டும் அடுத்த வரியில் அநாதையாக நின்றது. 'இ' விடை கீழே இறங்கி 'அ'வின் மடியில் உட்கார்ந்திருந்தது.

மனிதர் டேப் விசையைத் தொட்டதே இல்லை. எல்லாம் ஸ்பேஸ் பார். மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு இடைவெளியும் ஒரு புள்ளி. மார்கழி வாசல் தோற்றது, கோலம்தான் போடவில்லை. எண்ணினேன். (அவசியமில்லைதான். கோபத்தில் எண்ணினேன்.) தலைப்பை நடுவுக்குத் தள்ள 31. மதிப்பெண்ணை ஓரத்துக்கு ஓட்ட 44. அடுத்த பக்கம் போக என்டர் 17 முறை. கண்ட்ரோலும் ஆங்கில இ-யும் சேர்த்து அழுத்தினால் தலைப்பு தானே நடுவுக்கு வருமே ஐயா! கண்ட்ரோலோடு என்டர் ஒரு தட்டு, புதுப் பக்கம்! தட்டச்சு ஹையர் பாஸ் செய்த கை அது. தட்டச்சுப் பொறியில் ஸ்பேஸ் பாரின் ஒரு தட்டுக்கு ஒரே அளவு நகர்வு, எண்ணித் தட்டினால் சரியாக வரும். வேர்டில் எழுத்துருவுக்கு எழுத்துரு அகலம் மாறும் என்று அந்தக் கைக்கு யார் சொல்வது?

நான் மட்டும் யோக்கியமா? என் பழைய பாடக்குறிப்பெல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. பாமினி இல்லாத கணினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண்ட்ரோல்-எஃப் போட்டு 'தமிழ்' என்று தேடினால், தமிழாசிரியனின் கோப்பில் தமிழே இல்லை என்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடுக்கு வந்துவிட்டது. என் பென்டிரைவ் இன்னும் வரவில்லை.

சரி, கூகுளுக்கு வருவோம். தேடலில் மேற்கோள்குறி போட்டால் என்ன ஆகும் என்றால்... இருங்கள், செய்தி வந்திருக்கிறது.

"சார், லேசா எடம் தள்ளியிருக்காம். ஸ்பேஸ் தட்டிச் சரி பண்ணிடுங்க. காலையில ஜெராக்ஸுக்குப் போகணும்."

மணி பன்னிரண்டே கால். தட்டினேன்.