திருச்சி ஒரு கடற்கரை நகரம்: தூண்டில்வழி ஒரு சிற்றாய்வு

கடல்மீன் பிடிக்கப் போகிறேன் என்று ஒரு திருச்சிக்காரன் தூண்டிலைத் தூக்கினால் தெருவே சிரிக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கி மல்லிப்பட்டினம் போனால்தான் உப்புத் தண்ணீர் என்பது பொதுக்கருத்து. அதை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதற்சான்று கல். பாடாலூருக்குப் பக்கத்து ஊட்டத்தூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை ஆகிய ஊர்களின் ஓடைகளில் இறங்கினால், சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள் கல்லாகிக் கிடக்கும். காரைப் படிவத்தில் சுறாப் பல்லும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பாறைகளை ஆராய்ந்த பிளான்ஃபோர்டு, அவற்றுக்கு ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். ஆக, நிலவியல் புத்தகத்தில் நம்ம ஊரின் பெயர் ஒரு கடலடிப் படிவத்தின் பெயர். கடல் வரவில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம். வந்தது, நாம்தான் சுமார் 9 கோடி வருஷம் லேட்.

ஸ்ரீரங்கத்து அன்பர்கள் பாற்கடலைச் சான்றாகக் காட்டுவார்கள். பாலில் உப்பு விழுந்தால் திரிந்துபோகும் என்பதால், அதை மரியாதையோடு விலக்குகிறோம்.

அடுத்தது மீன். விலாங்கு கடலில் பிறந்து, குஞ்சாக ஆறேறி வந்து வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் வழக்கத்தை அது யாரிடம் கற்றதோ! ஜிலேபி மீனோ ஆப்பிரிக்காக்காரன்; 1952இல் இந்தியாவுக்கு வந்தது. ஆறு, குளம், கழிமுகம், உப்புத் தண்ணீர் எல்லா இடத்திலும் ரேஷன் கார்டு வைத்திருக்கிறது.

கள ஆய்வு கொள்ளிடத்தில் நடந்தது. முக்கொம்பில் மிகைநீரைத் திறந்தால்தான் இங்கே வெள்ளம்; மற்ற நாளில் மணலும் மடுவும். பாலத்துக்குக் கீழே ஒரு மடு. மூன்று பக்கம் நாணல், ஒரு பக்கம் மணல். வளைகுடா என்று சொல்ல இதற்கு என்ன குறைச்சல்? கரையில் ஒருவர் மூங்கில் கழியோடு குந்தியிருந்தார். தங்கூசி நரம்பு, பழைய செருப்பில் அறுத்த தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. மேலே பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தவர்கள் ஏழு பேர். மீனை விட வேடிக்கை பார்ப்பவர்களையே தூண்டில் அதிகம் பிடிக்கிறது என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

"மாட்டுச்சாண்ணே?"

"தள்ளி உக்காரு தம்பி. உன் நிழல் தண்ணில விழுது."

முக்கால் மணி நேரம். தக்கை இரண்டு தரம் தலையாட்டி, சட்டென்று முங்கியது. வந்தது உள்ளங்கை அகல ஜிலேபி. முள்ளைக் கழற்றியபடி, "இதுதானா" என்று அலுத்துக்கொண்டார். இதன் இனம் உப்புத் தண்ணீரிலும் வாழும் என்று விளக்கினேன். காரம் போட்டுக் குழம்பு வைத்தால் எந்த மீனும் ஒன்றுதான் என்றார்.

எஞ்சிய ஐயம் உப்பு ஒன்றே. அவர் எழுந்து திரும்பியபோது அதுவும் தீர்ந்தது. திருச்சி வெயிலில் நனைந்து நனைந்து காய்ந்த நீலச் சட்டையின் முதுகில், அலை ஒதுங்கிய மணலில் போல வெள்ளை வெள்ளையாக வளைகோடுகள். அளந்து குறித்துக்கொள்ளலாம் என்று பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். அவர் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.