உபயவியல்: திருத்தணியை முன்வைத்து ஒரு முன்னாய்வு

சிறுகடைக்காரர் கைக்காசு அதிகம் கரையாமல் பெயர் வாங்குவது எப்படி என்பதற்கு மேலாண்மை நூலோர் பலவாறு விடை பகர்வர். அவர்களில் எவரும் திருத்தணிப் படி ஏறியதாகத் தெரியவில்லை. எனவே அவர்தம் கூற்று ஈண்டுக் கொள்ளப்படவில்லை.

உபயம் என்பது யாதோவெனின், ஒரு பொருளைப் பொதுவுக்குக் கொடுத்து, கொடுத்த பொருளைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிதாகத் தெரியும்படி எழுதுவித்தல் என்க. இதற்கு மூத்த சான்று இவ்வூரிலேயே உண்டு. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லவன் அபராஜிதவர்மன் ஆட்சியில், நம்பி அப்பி என்பவர் இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலைக் கல்லால் எடுப்பித்தார். அதைச் சொல்லும் வெண்பாவை அரசனே பாடினான் என்கிறது கல்வெட்டு. வாசகம் எழுதியவன் வேந்தன். ஓடிய காலம் 1,100 ஆண்டுக்கு மேல். மாத வாடகை கிடையாது. இன்றைய எந்த விளம்பரக் கம்பெனியும் இந்த ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. குறை ஒன்றுதான்: அப்பி என்ன தொழில் செய்தார், கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைக் கல்லில் வெட்டாமல் விட்டுவிட்டார்.

இனி, இடம். முருகன் மலைக்குப் படி 365, நாளுக்கொன்று என்பது வழக்கு. மலையேறுகிறவன் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பான் என்று நினைப்பது ஏறாதவர் கற்பனை. அவன் பார்ப்பது அடுத்த படியை மட்டுமே. மூச்சு வாங்க நிற்கும் படியையோ நிறுத்தி நிதானமாகப் பார்ப்பான். டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழா. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் தொடங்கி வைத்தது. படிக்குப் படி மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ். ஒரு பெயரின் முன்னால் ஒரு முழுப்பாட்டு நேரம் கூட்டம் நிற்க வேண்டுமென்றால், அதற்குப் படிக்கல்லை விடத் தோதான இடம் இல்லை. மலைக்கு மோட்டார் பாதை போட்டதில் இத்துறைக்கு நேர்ந்த நட்டம் இன்னும் கணக்கிடப்படவில்லை.

டியூப்லைட் உபயம் பற்றி முன்னோர் நிறையச் சொல்லிவிட்டனர்: வெளிச்சம் குறையக் குறையப் பெயர் துலங்கும். ஃபேன் உபயமோ சிக்கலானது. இறக்கைக்கு ஒன்றாக அப்பா பெயர், மகன் பெயர், கடைப் பெயர். சுற்றும்போது வாசிக்க முடியாது. கரண்ட் போனால் நிற்கும். ஆனால் அப்போது இருட்டு. ஆக இரவில் இதன் வாசகர் எண்ணிக்கை பூச்சியம் என்று துணிந்து கூறலாம்.

நடமாடும் உபயம் என ஒன்றுண்டு; அது மஞ்சப்பை. தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்குவதற்கு வெகு முன்பே துணிக்கடைகள் இதை அறிந்திருந்தன. ஜவுளிக்கடையில் கொடுத்த பை பிறகு ரேஷனுக்குப் போகும், ரயிலேறி அரக்கோணம் போகும், பஸ்ஸேறி சித்தூர் போகும். எல்லை தாண்டியதும் தமிழ் எழுத்தை வாசிக்க ஆள் குறையும். இதற்காகவே பையின் ஒரு பக்கம் தெலுங்கில் அடிப்பது நலம் என்பது எம் கருத்து. சித்தூர் மாவட்டத்தில் கிடந்த திருத்தணியை 1960இல்தான் இந்தப் பக்கம் கொண்டுவந்தோம், பக்தர்களைப் பிரிக்கவில்லை.

இறுதியாக மோர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வரும் கூட்டத்துக்கு மோர்ப்பந்தல் வைப்பதே செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் என எல்லா ஆசிரியரும் உடன்படுவர். நீர் முக்கால், தயிர் கால், பெருங்காயம் மணத்துக்கு, பின்னால் முழு நீளத்துக்குக் கடைப் பேனர். ஒரு பாத்திரக்கடையின் பந்தலில் இக்கொள்கை சோதிக்கப்பட்டது. காவடியை இறக்கிவைத்துவிட்டு மூன்றாவது டம்ளரை வாங்கிய பெரியவரிடம், பேனருக்கு நேர் கீழே நின்று கேட்கப்பட்டது.

“தாத்தா, மோர் யார் உபயம்?”

“யாரு குடுப்பா? முருகன்தாம்பா.”

கடைக்காரர் இதைக் காதில் வாங்கிக்கொண்டார். மறு ஆடிக்கு பேனரில் மயிலோடு முருகன் படத்தைப் பெரிதாகப் போட்டார். அதற்கு இடம் வேண்டியிருந்ததால் கடைப் பெயரை மூலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று.