ஹாக்வர்ட்ஸ் அண்ணா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் அடுக்ககத்தில் மூன்று வகை ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். ஒருவர், “மேனேஜ்மென்ட் கோட்டாவில் நமக்கு ஆள் இருக்கு” என்று விசிட்டிங் கார்டு நீட்டுபவர். இன்னொருவர், அண்ணன் மகன் அமெரிக்காவில் வாங்கும் சம்பளத்தை அன்றைய டாலர் விலைக்குப் பெருக்கிச் சொல்லிவிட்டு, காபி குடித்துப் போகும் சொந்தக்காரர். மூன்றாமவர் இரண்டாம் மாடி ஹாக்வர்ட்ஸ் அண்ணா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அசோசியேஷன் மெயின்டனன்ஸ் ரசீதில் மட்டும் இருக்கிறது. வயது முப்பத்து நான்கு. படித்தது மெக்கானிக்கல். வேலை, இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்ப்பது. 2007 ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஹாரி பாட்டரின் ஏழாவது புத்தகம் வெளியானபோது, பத்தாம் வகுப்புப் பையனாக அதிகாலையிலேயே கடை வாசலில் நின்று வாங்கி, ஞாயிறு மதியத்துக்குள் முடித்து, திங்கட்கிழமை இயற்பியல் தேர்வில் கோட்டை விட்டவர். அந்த மதிப்பெண்ணை இன்றும் விழுப்புண்ணைக் காட்டுவதுபோல் சொல்வார்.

அவருடைய கொள்கை எளிமையானது. உலகத்தில் உள்ள எந்தக் கல்லூரிப் படிப்புக்கும் ஹாக்வர்ட்ஸ் மாயப் பள்ளியில் ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடம் எது என்று கண்டுபிடித்துவிட்டால், பையன் எந்தக் கோர்ஸ் எடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஜாதகத்தில் பத்தாம் இடம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டேன். “சார், ஜாதகத்துல ஆதாரம் கிடையாது. இதுல ஏழு புத்தகம் இருக்கு” என்றார்.

என் மகன் ரிசல்ட் வந்த மறுநாள் மாலை, நாலு பக்க நோட்டும் மூன்று நிறப் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, கட் ஆஃப் எவ்வளவு?”

“நூத்தி எழுபத்தெட்டரை அண்ணா.”

“எதுக்கு எவ்வளவு?”

கணக்கு நூறுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு என்று இருநூறுக்குப் போடுகிற கணக்கை மகன் பிரித்துச் சொன்னான். அண்ணா வேதியியலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். “ஸ்னேப் உன்னைச் சேர்க்க மாட்டார். அவருக்கு அவுட்ஸ்டாண்டிங் வேணும். ஆனா ஸ்லக்ஹார்ன் சேர்ப்பார். அவருக்கு அடுத்த கிரேடு போதும்.” நான் மெதுவாக, அவர்கள் இருவரும் எந்தக் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. என்னைப் போன்ற மாயமறியாத மனிதர்களுக்கு அந்தப் புத்தகத்தில் ‘மகிள்’ என்று பெயர். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘மகிள் சார்’.

கெமிக்கல், பார்மசி எல்லாம் போஷன்ஸ், அதாவது ஸ்னேப்பும் ஸ்லக்ஹார்னும் நடத்தும் கஷாயப் பாடம். அதில் ஆளையே வேறு ஆளாக மாற்றும் ஒரு கஷாயம் வருகிறதாம். கண்ணாடி இறக்கைப் பூச்சிகளை இருபத்தொரு நாள் வேகவைத்து, பௌர்ணமியில் பறித்த செடியைப் போட்டு, மொத்தம் ஒரு மாதம் காய்ச்ச வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, “ஒரு மண்டலம்கூட இல்லையா? அப்ப எப்படிப் பலிக்கும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நாற்பத்தெட்டு நாள் கணக்கில் வளர்ந்தவளுக்கு இங்கிலாந்துக்காரர்களின் அவசரம் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் சார்ம்ஸ், மந்திரப் பிரயோகம். இதை விளக்கும்போது அண்ணாவின் முகத்தில் ஒரு ஒளி வரும். முதல் வருஷத்தில் இறகை மேலே எழுப்பும் மந்திரம். உச்சரிப்பு ஓரிடத்தில் பிசகினாலும் இறகு மேசையிலேயே கிடக்கும். ஹாரியின் நண்பன் ரான் தப்பாகச் சொல்கிறான், தோழி ஹெர்மயனி திருத்துகிறாள். “அதேதான் சார் கோடிங். ஒரு செமிகோலன் விட்டா நின்னுடும்.” எனக்கு வேறு ஒரு கவலை வந்தது. அந்தப் பள்ளியில் மந்திரம் தமிழில் இருந்து, அதில் ஒரே ஒரு ‘ழ’ வந்துவிட்டால், எங்கள் தெருவில் எத்தனை இறகு எழும்பும்? டி.வி.யில் செய்தி வாசிப்பவர்கள் பாதிப் பேர் முதல் வருஷமே அரியர் வைத்திருப்பார்கள்.

இப்போது மூலைக்கு மூலை முளைத்திருக்கும் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயன்ஸ் எந்தப் பாடம் என்று மகன் கேட்டான். அண்ணா யோசிக்கவே இல்லை. “டிவினேஷன்.” ஆரூடம். தேநீர்க் கோப்பையின் அடியில் தங்கும் இலையையும் கண்ணாடி உருண்டையையும் பார்த்து நடக்கப்போவதைச் சொல்லும் பாடம். வடக்குக் கோபுரத்தின் உச்சியில், ஏணி வைத்து ஏறிப்போகும் ஒரு புழுக்கமான அறையில் டிரிலானி அம்மையார் நடத்துகிறார். ஹாரி சாகப்போகிறான் என்று வகுப்புக்கு வகுப்பு அடித்துச் சொல்கிறார். அவர் வாயிலிருந்து உண்மையான ஆரூடம் வந்தது இரண்டே முறை. அந்த இரண்டையும் சொன்னது அவருக்கே நினைவில்லை. “எப்படிச் சொன்னேன்னு ஏ.ஐ.க்கே தெரியாது சார். ஆனா சந்தேகமே இல்லாம சொல்லும்” என்றார் அண்ணா. இந்தப் பொருத்தத்துக்கு மட்டும் நான் எழுந்து கை கொடுத்தேன்.

அரித்மன்ஸி என்று ஒன்று உண்டு. எண்களை வைத்துப் பலன் சொல்வது. ஹெர்மயனிக்கு மிகவும் பிடித்த பாடம். அண்ணா இதைப் புள்ளியியலோடு சேர்த்துவைத்திருந்தார். நம் ஊரில் இதற்குக் கல்லூரியே தேவையில்லை, பெயரில் ஒரு ‘ஏ’யைக் கூட்டிப் படம் எடுக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நோட்டில் அதற்கு இடமில்லை என்றார்.

நான் படித்தது பி.ஏ. வரலாறு. கல்லூரியின் பெயர் வேண்டாம். ஹாக்வர்ட்ஸில் வரலாறு நடத்துபவர் பேராசிரியர் பின்ஸ். ஒரு நாள் ஆசிரியர் அறையில் கணப்பு முன்னால் தூங்கி, தூக்கத்திலேயே செத்துப்போய், மறுநாள் உடம்பை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வகுப்புக்குப் போனவர். அதன் பிறகும் அதே குரலில் அதே பூதக் கலகங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை அண்ணா சிரிப்பு மூட்டுவதற்காகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்குப் பானிப்பட்டுப் போர்கள் மூன்றையும் ஓரம் பழுத்த ஒரே நோட்ஸிலிருந்து சொல்லிக்கொடுத்த பேராசிரியர் கண்முன் வந்துபோனார். அவர் எப்போது காலமானார் என்று எங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அண்ணாவை மடக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. சிவில் எதில் வரும் என்று கேட்க வேண்டும். நோட்டைப் புரட்டுவார். பேனாவின் நிறத்தை மாற்றுவார். ஹாக்வர்ட்ஸில் கட்டடம் கட்டச் சொல்லித்தர ஒரு பாடமும் கிடையாது. ஆனால் அங்கே 142 படிக்கட்டுகள். சில வெள்ளிக்கிழமை மட்டும் வேறெங்கோ கொண்டுபோய் விடும். சிலவற்றில் நடுவில் ஒரு படி காணாமல் போகும். “அதெல்லாம் மாயம் சார்” என்று சமாளித்தார். மாயமெல்லாம் இல்லை. எங்கள் பி பிளாக்கைக் கட்டிய மேஸ்திரியும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்.

மெக்கானிக்கல் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரே ஒருமுறை, பறக்கும் ஃபோர்டு ஆங்கிலியா காரைப் பற்றி மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, “அதைச் செஞ்சவர் படிச்சுட்டுச் செய்யலை சார், ஆசைப்பட்டுச் செஞ்சார்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவர் வெறும் பித்து என்று நான் முடிவுகட்டியிருந்தேன். நாலாவது மாடிப் பெண் விஷயத்தில் அது ஆட்டம் கண்டது. அந்தப் பெண் முதல் குரூப். நல்ல கட் ஆஃப். வீட்டில் எல்லோரும் ஈ.சி.இ. என்று முடிவுசெய்துவிட்டார்கள். அவளோ கோயிலுக்குப் போனால் சாமியை விட்டுவிட்டுச் சுவரைப் படிப்பவள். அண்ணா அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: “லீவு நாள்ல யாரும் சொல்லாம என்ன பண்ணுவே?” வட்டெழுத்துப் பழகுவேன் என்றாள். அண்ணா நோட்டில் பெரிதாக எழுதினார்: ‘ஏன்ஷியன்ட் ரூன்ஸ்.’ அவளுடைய அம்மா பதறிப்போய், அது எந்த ஊரில் இருக்கிறது என்றார். “தஞ்சாவூர்ல ஆன்ட்டி. தமிழ்ப் பல்கலைக்கழகத்துல கல்வெட்டியலுக்குத் துறையே இருக்கு.” மேனேஜ்மென்ட் கோட்டாக்காரரும் அமெரிக்கச் சம்பளக்காரரும் அதே வீட்டுக்கு வந்து போனவர்கள்தான். இந்தக் கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. பெண் இப்போது பி.ஏ. தமிழ் படிக்கிறாள். அவளுடைய அப்பா லிஃப்டில் அண்ணாவைக் கண்டால் இறங்கிப் படியில் போகிறார்.

அண்ணாவுக்குக் கவுன்சலிங் மீது ஒரு குறை உண்டு. ஹாக்வர்ட்ஸில் பிள்ளைகளை நாலு இல்லங்களாகப் பிரிப்பது ஒரு கிழிந்த தொப்பி. தலையில் வைத்தால் உள்ளே இருப்பதைப் பார்க்கும், சில சமயம் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கும். இங்கே மதிப்பெண்ணெல்லாம் சமமாகி, பிறந்த தேதியும் ஒன்றாகிவிட்டால், கடைசியில் ரேண்டம் நம்பர். “தொப்பியாவது தலையைத் தொட்டுப் பார்க்குது சார்.”

நானும் விடவில்லை. இத்தனை பாடங்களையும் கற்பனை செய்த ரௌலிங் அம்மாள் என்ன படித்தார் தெரியுமா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே செய்தி அது, மகனின் போனில் பார்த்து வைத்திருந்தேன். எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சும், கிரேக்க ரோமானியப் பழம் இலக்கியமும். பெற்றவர்கள் பிழைப்புக்கு உதவும் படிப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்கள். சரி, நவீன மொழிகள் என்று இரு தரப்பும் ராசியாகியிருக்கிறது. கொண்டுவந்து விட்ட கார் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, ஜெர்மனை விட்டுவிட்டுப் பழம் இலக்கியத்துக்குத் தாவியதாக அவரே 2008இல் ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் பேசியிருக்கிறார். “இதுக்கு உங்க நோட்டுல என்ன பாடம்?” என்றேன். மகன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதைக் கவனித்ததும், ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

அண்ணா என்னை விட்டுவிட்டு உருமாற்றப் பாடத்துக்குப் போனார். எலியைக் கோப்பையாக்கலாம், மேசையைப் பன்றியாக்கலாம். ஆனால் கேம்ப் விதி என்று ஒன்று உண்டு, வெறுங்கையிலிருந்து சாப்பாட்டை வரவழைக்கவே முடியாது. எப்பேர்ப்பட்ட மந்திரவாதியாக இருந்தாலும் சரி.

தட்டில் வாழைக்காய் பஜ்ஜியோடு வந்த என் மனைவி அப்படியே நின்றாள். அதுவரை இந்தப் பேச்சில் அவளுக்கு ஒரு சுவாரசியமும் இருந்ததில்லை.

“அப்ப அந்தப் பள்ளிக்கூடத்துல அத்தனை பிள்ளைங்களுக்கும் யாரு சமைக்கிறது தம்பி?”

“ஹவுஸ் எல்ஃப் அக்கா. குட்டிக் குட்டியா இருப்பாங்க. நூறு பேருக்கு மேல. அடுப்பங்கரையிலேயே இருப்பாங்க, யார் கண்ணுக்கும் படமாட்டாங்க.”

“சம்பளம்?”

“கிடையாது. அவங்களும் வாங்க மாட்டாங்க. வேலை செய்யறதுதான் அவங்களுக்குச் சந்தோஷம்னு எல்லாரும் சொல்லுவாங்க.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

அண்ணா அவசரமாக, “டாபின்னு ஒருத்தனுக்கு மட்டும் உண்டுக்கா. வாரத்துக்கு ஒரு பொற்காசு. மாசத்துல ஒரு நாள் லீவு” என்றார்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். மகனின் சாய்ஸ் ஃபில்லிங்குக்காக வைத்திருந்த காகிதத்தையும் அண்ணாவின் பச்சைப் பேனாவையும் எடுத்து அவரிடமே நீட்டினாள்.

“மாசத்துல ஒரு நாளா? அதுல என் பேரையும் எழுதிக்குங்க தம்பி.”