கோரல்டிராவை லினக்ஸில் ஓட்டுதல்: கொல்கத்தாவை முன்னிட்டு ஓர் ஆய்வு

வணிக வடிவமைப்பு மென்பொருளை லினக்ஸில் ஓட்டுதல் என்பது, விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் முதலியவற்றை விண்டோஸ் இல்லாத கணினியில், விண்டோஸ் இருப்பதாக நம்பவைத்து இயக்கும் முயற்சி. இதில் தரப்புகள் மூன்று: நம்பவைப்பவர், நம்பவேண்டிய மென்பொருள், சாயங்காலத்துக்குள் பேனர் வேண்டும் என்று கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளர். முதல் இரு தரப்பைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். மூன்றாமவர் இன்னும் ஆய்வுலகின் கண்ணில் படவில்லை.

இந்த ஆய்வுக்குக் கொல்கத்தா தக்க களம். இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணுக் கணினியான எச்.ஈ.சி. 2எம் 1955இல் இறங்கியது இந்நகரின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில்தான். 1966இல் அந்நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடித் தாமே ஒரு கணினியைக் கட்டின. இவற்றுக்கும், சாந்தினி சௌக்கில் பழைய கணினி வாங்கி அதில் லினக்ஸ் போட்டுக்கொண்டவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை என்றால் அதற்கு ஒரு தொன்மை வேண்டும்.

முதலில் ‘ஓடுதல்’ என்பதை வரையறுக்க வேண்டும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்க உதவும் வைன் திட்டத்தார், ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஐந்து தரமாகப் பிரித்துப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நிறுவியதும் குறையின்றி ஓடுவது பிளாட்டினம். சில கோப்புகளை மாற்றிப் போட்டால் ஓடுவது தங்கம். சிறு குறைகளுடன் அன்றாட வேலைக்கு உதவுவது வெள்ளி. அன்றாட வேலையிலேயே இடறுவது வெண்கலம். ஐந்தாவது தரத்தின் பெயர் குப்பை. உலோகங்களாக இறங்கிவந்த வரிசை திடீரென்று தெருவுக்கு வந்துவிடுவதைக் கவனிக்கலாம். நூலின் குற்றம் பத்து என்று வகுத்த நன்னூலார்கூட இவ்வளவு வெளிப்படையாகப் பேசவில்லை. இந்த ஐந்திலும் அடங்காத ஒரு நிலையும் உண்டு. மென்பொருளின் முகப்புப் படம் தோன்றும், தூரிகைகள் ஏற்றப்படுவதாக ஒரு வரி ஓடும், பிறகு எல்லாம் மறைந்து வெறும் திரை நிற்கும். இதை ‘தரிசனம்’ எனலாம்.

வைன் 1993இல் விண்டோஸ் 3.1 மென்பொருள்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதை நடத்திவருகிறார். 1.0 என்ற எண்ணை எட்டியது 2008 ஜூன் 17 அன்று. பதினைந்து ஆண்டுகள் ‘இன்னும் ஆகவில்லை’ என்று சொல்லிக்கொண்டே வேலை பார்த்த திட்டம் என்பதால், அதைப் பயன்படுத்துவோரிடமும் அந்தப் பொறுமை எதிர்பார்க்கப்படுகிறது.

அது செயல்படும் முறை எளிது. கொல்கத்தாவின் மெஸ் வீடு ஒன்றில் சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்று கொள்வோம். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் மாற்றாள் தட்டோடு வருகிறார். கூப்பிட்டவர் கேட்டது சோறு. வந்தவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை. போட்டோஷாப் விண்டோஸின் ஒரு செயல்கூறைப் பெயர் சொல்லி அழைக்கும்போது, அதே பெயரில் வைன் எழுதிவைத்த செயல்கூறு பதில் தருகிறது. ‘சி’ டிரைவ் எங்கே என்று கேட்டால், மறைத்துவைத்த ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் இன்னொரு ஃபோல்டரைக் காட்டுகிறது. எந்த விண்டோஸ் என்று கேட்டால், எக்ஸ்பி என்றோ 7 என்றோ 10 என்றோ பயனர் தேர்ந்துகொடுத்த பொய்யைச் சொல்கிறது. பதில் தெரியாத அழைப்பு வந்தால் முனையத்தில் ‘ஃபிக்ஸ்மீ’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகிறது. இந்த வரிகளைப் படித்துக் கலங்குபவர் தொடக்க நிலையினர். முனையச் சன்னலைச் சிறிதாக்கிவிட்டு வேலையைப் பார்ப்பவர் தேர்ந்தவர்.

மாற்று வழிகள் உண்டு. லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினி அமைத்து அதில் முழு விண்டோஸையே நிறுவலாம். இதில் மென்பொருள் ஐயமற ஓடும். அதனாலேயே தூய்மைவாதிகள் இதை ஏற்பதில்லை. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளமும் வைத்து மாறி மாறித் தொடங்கலாம். இவ்வாறு செய்தவர்களில் பலர் நாளடைவில் ஒரு பக்கமே தொடங்கிவந்தனர். அது எந்தப் பக்கம் என்பதைத் தமிழக அரசின் இலவச மடிக்கணினியில், விண்டோஸுக்குப் பக்கத்தில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததை நினைவில் வைத்திருப்போரிடம் கேட்டு அறியலாம்.

வரலாற்றில் இத்துறைக்கு ஒரு பொற்காலம் இருந்தது; அது சில மாதங்கள் நீடித்தது. கோரல் நிறுவனம் 1999இல் தானே ஒரு லினக்ஸை வெளியிட்டது. 2000இல் கோரல்டிரா 9ஐயும் லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அதன் வயிற்றுக்குள் இருந்ததும் வைன்தான். அவ்வாண்டு அக்டோபரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் கோரலில் 13.5 கோடி டாலர் முதலீடு செய்தது. அதன்பின் லினக்ஸ் கோரல்டிரா வளரவில்லை. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு ஆய்வாளர் ஒதுங்கிக்கொள்வது மரபு.

போட்டோஷாப்பின் கதை வேறு. 2003 வாக்கில் டிஸ்னி உள்ளிட்ட அனிமேஷன் நிறுவனங்கள் கோட்வீவர்ஸ் என்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து, போட்டோஷாப் 7ஐ லினக்ஸில் ஓடவைத்தன. அடுத்து கூகுளின் பணத்தில் போட்டோஷாப் சிஎஸ்2 சீராக்கப்பட்டது, வைன் 1.0க்கு வைத்த தேர்வுகளில் அதுவும் ஒன்று. இவற்றிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது: மென்பொருள் எவ்வளவு பழையதோ அவ்வளவு நன்றாக ஓடும். புதியவை படம் வரையும் பகுதியில் தோற்பதில்லை; வாசலிலேயே தோற்கின்றன. 2013இல் அடோபி சந்தா முறைக்கு மாறியபின், சந்தா கட்டியாயிற்றா என்று பார்க்கும் நிறுவிதான் முதலில் ஓட வேண்டியிருக்கிறது. வைனுக்குக் கடினமாக இருப்பது அதுவே.

இந்த விதி கொல்கத்தாவுக்கு இசைவானது. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7, 2002இல் வந்த போட்டோஷாப் 7 ஆகியவற்றை இந்திய அச்சுக் கடைகள் எளிதில் கைவிடவில்லை. உலகம் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்ட பதிப்பில் இங்கே கல்யாணப் பத்திரிகை தயாராகும். லினக்ஸில் ஓடும் பதிப்பும் கடைக்காரர் கையிலிருக்கும் பதிப்பும் இப்படித் திட்டமிடாமலே சந்தித்துக்கொள்கின்றன.

வங்க எழுத்து நுழையும்போது சிக்கல் தொடங்குகிறது. 1778இல் ஹூக்ளியில் அச்சான ஹால்ஹெட்டின் இலக்கண நூலுக்குச் சார்லஸ் வில்கின்ஸும் பஞ்சானன் கர்மகாரும் எழுத்து வார்த்த நாளிலிருந்தே, வங்கக் கூட்டெழுத்துகள் இயந்திரங்களோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. சுரேஷ் சந்திர மஜும்தார் 1935இல் வங்க எழுத்தை லைனோடைப்புக்குள் அடக்கினார். கணினிக் காலத்தில் கண்ட குறுக்குவழி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் வங்க வடிவங்களை ஒளித்துவைக்கும் பழைய ஃபாண்ட். பேஜ்மேக்கருக்கு அது ஆங்கிலம், வைனுக்கும் ஆங்கிலமே, தாளில் விழும்போது மட்டும் வங்காளி. ஏமாற்றின் மேல் ஏமாற்று என்பதால் இது அருமையாக ஓடுகிறது. நேர்மையான யூனிகோடு ஓடுவதில்லை. லினக்ஸ் தரும் வங்க விசைப்பலகை அமைப்புகளில் வைசாகி, கீதாஞ்சலி என்ற பெயர்கள் உண்டு. இரண்டும் யூனிகோடு. யூனிகோடு அறியாத பேஜ்மேக்கரில் கீதாஞ்சலியால் தட்டச்சிட்டால் வரி நிறையக் கேள்விக்குறிகள் விழும். லேக் மார்க்கெட் பக்கம் வாழும் தமிழர் தம் வீட்டு அழைப்பிதழைத் தமிழில் அடிக்க முயன்றாலும் முடிவு இதுவே. எழுத்துக்கு முன்னால் கொம்பு போடும் மொழிகள் இரண்டுக்கும் இதில் வேற்றுமை கிடையாது.

இனி மூன்றாம் தரப்பு. துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் பந்தல், விளம்பரத் தட்டி, வரவேற்பு வளைவு என நகரமே ஃபிளெக்ஸால் மூடப்படும். அப்போது லினக்ஸ்காரர் பென் டிரைவோடு ஃபிளெக்ஸ் கடைக்குப் போகிறார். லினக்ஸில் ஓடும் வரைகலை மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜி கோப்பு தரமானது, திறந்த தரநிலையைப் பின்பற்றுவது. கடையின் கணினியில் இருக்கும் தம்பிக்கோ இவை எதுவும் வேண்டாம். அவர் கேட்பது மூன்று: கோரல்டிராவின் சிடிஆர் கோப்பு, பழைய பதிப்பில் சேமித்தது, எழுத்தெல்லாம் ‘கர்வ்’ ஆக்கியது. கர்வ் ஆக்கினால் எழுத்து வெறும் வளைகோடாகிவிடும். எந்த ஃபாண்டும் தேவைப்படாது. கூடவே எழுத்துப்பிழையும் கல்வெட்டுபோல் நிலைத்துவிடும். பூஜைக் குழுச் செயலாளரின் பெயரில் அந்தப் பிழை விழுவது ஏன் என்பது தனி ஆய்வுக்கு உரியது. ஆக, வைன் தரும் தரச் சான்று எதுவானாலும் ‘ஓடுகிறது’ என்று இறுதித் தீர்ப்புச் சொல்பவர் இந்தத் தம்பிதான். அவர் கணினியில் திறக்காத கோப்புக்குப் பிளாட்டினம் கொடுத்துப் பயனில்லை. பிடிஎஃப் என்ற சமரசம் இருக்கிறது. கூட்டம் குறைவான நேரத்தில் அது ஏற்கப்படும். அச்சுப் பொறியை ஆளும் மென்பொருள் யூஎஸ்பி பூட்டோடு விண்டோஸில் அமர்ந்திருக்கிறது. அதை லினக்ஸுக்கு மாற்றச் சொல்லிப் பூஜைச் சமயத்தில் விவாதிப்பதை எந்த நெறிமுறையும் பரிந்துரைக்கவில்லை.

கடைசிச் செயல் நீக்குதல். விண்டோஸில் ஒரு மென்பொருளை நீக்குவதற்கு அதன் சம்மதத்தை நான்கு முறை கேட்க வேண்டும். வைனில் மறைந்திருக்கும் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும்: சி டிரைவ், பதிவேடு, ஃபாண்ட், போட்டோஷாப் எல்லாம் ஒரே கட்டளையில் போய்விடும். லினக்ஸின் பட்டியலில் மட்டும் போட்டோஷாப்பின் பெயரும் படமும் அப்படியே இருக்கும். சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. அவற்றை அழிக்க வேறொரு மறைந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும்.