சும்மாயிருந்து சாகும் கொண்டென்சர்: குடாநாட்டுப் பழைய றிசீவர்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய றிசீவர்களுக்குள் இருக்கும் கொண்டென்சர்கள் எதனால் சாகின்றன என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. வெக்கையால் என்பது முதற்கட்சி. உப்புக்காற்றால் என்பது இரண்டாம் கட்சி. கறண்ட் ஏறி இறங்குவதால் என்பது மூன்றாம் கட்சி. ஊரில் பெரும்பான்மை இவர்களே, குரலும் இவர்களுக்கே பெரிது. மூன்றையும் மறுத்து, குடாநாட்டுக் கொண்டென்சர்கள் நல்லூர் முருகன் கோயிற் கொடியேற்றத்தை ஒட்டியே பெருவாரியாகச் சாகின்றன என்று நிறுவுவது எமது நோக்கம். இதில் முருகப்பெருமானுக்கு யாதொரு பங்கும் இல்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

பொருளின் எல்லையை முதலில் வகுப்போம். றிசீவர் என்பது றேடியோவும் அம்பிளிபயரும் ஒரே பெட்டிக்குள் அமைந்த யப்பான் சாதனம். வெள்ளி நிற முகம், மரப் பக்கங்கள், கையில் கனம் உணரவைக்கும் பெரிய திருகு. சன்சூயி, பயனியர், அக்காய் என்று பல குலங்கள். 1970 இலிருந்து 1977 வரை இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்தபோது குடாநாட்டு வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைபோயின. 1977 இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்தது. வெளிநாட்டு வெங்காயமும் யப்பான் றிசீவரும் ஒரே துறைமுகத்தால் வந்திறங்கின. தோட்டத்தில் கண்ட காசைக் கொடுத்துச் சன்சூயி வாங்கியவர், தன் தோட்டத்தைக் கவிழ்த்த அதே கொள்கைதான் அந்தப் பெட்டியையும் கொண்டுவந்தது என்பதை யோசித்திருக்கலாம். ஆனால் முகப்பு விளக்கு எரியத் தொடங்கியபின் யார்தான் யோசிக்கிறார்கள்?

அந்தப் பெட்டிக்குள் போத்தல் மூடி அகலத்தில் இரண்டு உருளைகள் எழுந்து நிற்கும். அவையே நாம் ஆராயும் பாத்திரங்கள். உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகளும், இடையில் திரவத்தில் நனைத்த கடதாசியும் சேர்த்துச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு தகட்டின் மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்று. ஐம்பது வோல்ற்றுக்கான கொண்டென்சரில் அதன் தடிப்பு ஏறக்குறைய ஒரு தலைமயிரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றை ரான்ஸ்போமர் குறைக்கிறது, டயோட்டுகள் ஒரு பக்கமாகத் திருப்புகின்றன, அப்போதும் அது செக்கனுக்கு நூறு தரம் எழுந்து விழுகிற மின்சாரமாகவே இருக்கிறது. எழும்போது வாங்கி வைத்து விழும்போது கொடுத்து மட்டமாக்குவது கொண்டென்சரின் கடமை.

இதன் மூலவரலாற்றில் குடாநாட்டுக்குள்ள உரிமையை உலக அறிஞர்கள் மறைத்துவிட்டனர். கொண்டென்சரின் பாட்டனான லைடன் சாடி 1746 இல் ஒல்லாந்தின் லைடன் நகரில் முஷன்புறோக் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் புகழ்பெற்றது. 1746 இல் யாழ்ப்பாணத்தை ஆண்டவர் யார்? அதே ஒல்லாந்தர், 1658 தொடக்கம் 1795 வரை. அவர்கள் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும், காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம் என்றும் பெயர் வைத்தார்கள். வேலணைத் தீவுக்கு வைத்த பெயரோ லைடன். இரண்டு லைடன்களும் ஒரே கொடியின் கீழ் இருந்த காலத்தில் பிறந்த சாடியை ஒரு லைடனுக்கு மட்டும் எழுதிவைப்பது நீதியா? வேலணையார் இந்த வழக்கை இன்னும் தொடுக்காதது அவர்களின் பெருந்தன்மை. 1745 இலேயே கிளைஸ்ற் என்னும் பொமரேனியாக்காரர் இதைக் கண்டுவிட்டார் என்று ஆட்சேபிப்பர். பொமரேனியாவின் பெயரில் இங்கே தீவு எதுவும் இல்லையாதலால் அந்த ஆட்சேபம் தள்ளப்படுகிறது.

இனி நோயின் குறி. கொண்டென்சரின் திரவம் காய்ந்தால் மட்டமாக்கும் வேலை குறையும். செக்கனுக்கு நூறு அதிர்வு ஸ்பீக்கரில் உறுமலாக வெளிவரும். இதை ரிப்பெயர்காரர் குறை என்கிறார்கள். இசைவழி நோக்கினால் நூறு அதிர்வு என்பது கீழ்த் தாயியில் ஐந்து கட்டைக்குச் சற்று மேல். நாள் முழுவதும் சலிக்காமல் சுருதி பிடிக்கும் ஒத்துக்காரர் ஒருவரைச் சம்பளமில்லாமல் பெற்ற வீட்டார் அவரை வெளியேற்றக் காசு கொடுப்பது விசித்திரம். எனினும் நேர்மைக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலை அப்படிப்பட்ட பெட்டியில் கேட்டால், தொப்பியில் கழி விழுகிற ஒவ்வொரு தரமும் சேமிப்பில்லாத மின்சாரம் சரிந்து, அடி கலங்கிப் போகும். உறுமலை மன்னிக்கலாம். இதை மன்னிக்க முடியாது.

இப்போது எமது கோட்பாட்டுக்கு வருகிறோம். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஊர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது. நாலு பற்றறி றேடியோவுக்கு வேண்டியது ஆறு வோல்ற். சைக்கிள் டைனமோ தருவதும் ஆறு. அளவு பொருந்தியது, குணம் பொருந்தவில்லை: டைனமோ தருவது ஆடலோட்டம். ஆகவே நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் இடையில் வேண்டியிருந்தன. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கசந்த பொடியளெல்லாம் அந்த ஆண்டுகளில் மின்சீராக்கலைத் திண்ணையில் கற்றார்கள். டைனமோ விளக்குக்காகச் செய்யப்பட்டது; றேடியோ இழுப்பது கொஞ்சம் என்பதால், உற்சாகமாகச் சுற்றினால் வோல்ற் ஆறைத் தாண்டி ஏறும். பிபிசி தமிழோசையில் செய்தி சூடாகச் சூடாகச் சுற்றுகிறவரின் கையும் வேகமெடுக்கும், கொண்டென்சரும் சூடாகும். செய்தியின் பாரதூரத்தை அளக்க அந்நாளில் இதைவிட நுட்பமான கருவி குடாநாட்டில் இருக்கவில்லை.

றிசீவரோ டைனமோவுக்கு அடங்காது. அது கேட்கும் வாற்றைக் கொடுக்க ஒரு சைக்கிள் கடையையே தலைகீழாக நிறுத்தவேண்டும். எனவே அது சோகேசில் பூப்பின்னல் துணிக்குக் கீழே சும்மாயிருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் போரால் இடம்பெயர்ந்து இரவோடிரவாகத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் கை இருக்கவில்லை. திரும்பி வந்தபோது சிலருக்கு றிசீவர் இருந்தது, சிலருக்கு வீடே இருக்கவில்லை. இந்த ஆய்வு முன்னவர்களை மட்டும் கவனிக்கிறது.

சும்மாயிருத்தலைப் பெரும்பேறாகச் சொல்லும் மரபு எங்களுடையது. கொண்டென்சர் அந்த மரபில் தீட்சை பெறவில்லை. அதன் ஒட்சைட்டுப் படலம் மின்னழுத்தம் இருக்கும்வரைதான் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்காக மின்சாரம் காட்டாமல் விட்டால் படலம் நலிந்து, கசியத் தொடங்கும். அந்த நிலையில் முழு வோல்ற்றையும் ஒரேயடியாகக் கொடுத்தால் கசிவு சூடாகும், சூடு ஆவியாகும், தலையில் கீறிவிடப்பட்ட சிலுவைக்கோடு பிளக்கும். மின்சாரம் திரும்பி வந்த சந்தோசத்தில் பிளக்கைச் செருகிய பலருடைய கொண்டென்சர்கள் இப்படித்தான் போயின. ஓடித் தேய்ந்து செத்தவை அல்ல; சும்மா இருந்து செத்தவை.

இன்று அந்த நிலையைப் பூட்டிய வீடுகள் பேணிவருகின்றன. சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ; வீடு பார்க்க ஒருவர்; சோகேசில் அப்பாவின் பயனியர். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பெட்டியைப் போடுகிறார்கள். இத்துடன் எமது கோட்பாடு நிறுவப்பட்டது.

மாற்றும் முறையில் உரையாசிரியர்கள் இருவகை. உப்பிய ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்பார் சிலர். ஒன்று போனால் அதே வயதுக்காரர் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள், முழுவதையும் மாற்று என்பார் மற்றவர். நான் பின்னவர் பக்கம், ஆனால் பெரிய உருளைகளையும் வெப்பம் படும் இடத்துச் சின்னவற்றையும் மட்டும். தேவையில்லாமல் கிளறிய பலகையில் செம்புத் தடம் உரிந்து வந்தால் அந்தப் பாவம் எந்தத் தீர்த்தத்திலும் தீராது.

முதலில் மூலபாடத்தை நிச்சயிக்கவேண்டும். உறையில் அச்சிட்ட எண் பாதி மங்கியிருக்கும், மீதியில் பல்லி எச்சம் இருக்கும். 2200 மைக்ரோபரட்டா, 3300 ஆ? 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளோடு பட்ட பாடு இங்கேதான் விளங்கும். அவருக்காவது ஒப்பிடப் பல பிரதிகள் தேடிப் பெறக் கூடியதாயிருந்தது. எமக்குப் பக்கத்தில் நிற்கும் இரட்டை உருளை ஒன்றுதான் பிரதி. வோல்ற்றைக் கூட்டிப் போடலாம், குறைக்கக்கூடாது. 105 பாகை என்று எழுதியதையே வாங்கவேண்டும்: பத்துப் பாகை வெக்கை குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது கணக்கு. இந்த அளவில் முதற்கட்சியாருக்கும் ஓர் ஆறுதற் பரிசு தருகிறோம். உறையில் கோடு ஓடும் பக்கம் மறை. அதை மாற்றிப் பூட்டியவர் யாரென்பது சில விநாடிக்குள் அயலுக்கெல்லாம் கேட்கும்.

கசிந்த திரவத்துக்கு மீன் வாடை உண்டு. இது நோயை அறிய நல்ல வழி. ஆனால் குசினியில் கருவாடு பொரியும் வேளையில் சோதனை செல்லாது. திருவிழாக் காலத்தில் ஊர் மரக்கறிக்கு மாறிவிடுவதால், சாவு மலியும் காலமே மூக்குக்கும் உகந்த காலமாக அமைந்திருக்கிறது. பல்லியைப் பற்றி ஒரு குறிப்பு: எமது பஞ்சாங்கங்கள் பல்லி தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று சொல்கின்றன; பவர் சப்ளை பலகையில் விழுந்தால் என்ன பலன் என்று சொல்லவில்லை. பலன் பல்லிக்கு உடனடியானது.

மாற்றியபின்னும் நேரே சுவரில் செருகக்கூடாது. பழைய இழைக் குமிழ் ஒன்றைத் தொடராகப் பூட்டி அதன் வழியே கொடுக்கவேண்டும். குமிழ் ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் சுகம். பளிச்சென்றே நின்றால் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். மாற்றாத பழையவற்றுக்கு மருந்து வோல்ற்றைச் சிறிது சிறிதாக ஏற்றுவது: மெல்ல மெல்ல, மணிக்கணக்காக, படலம் மறுபடி கட்டும்வரை.

அடுத்த ஆண்டு இதே சாவு நேராதிருக்க வழி சுலபம். யாராவது இடைக்கிடை பெட்டியைப் போட்டால் போதும். திருவிழா முடிந்து புறப்படும் நாளில் சொந்தக்காரர் வீடு பார்ப்பவரிடம் கேட்டதைப் பதிவுசெய்கிறோம்.

"அண்ணை, மாசத்தில ஒருக்கா இதை ஒரு மணித்தியாலம் பாட விடுங்கோ."

"விடலாம் தம்பி. கறண்ட் பில் ஆர் கட்டுறது?"

"நான் அனுப்பிறன்."

"அப்ப ஏன் மாசத்தில ஒருக்கா?"

மாதம் ஒரு தரம் போதும் என்பது இரசாயனம். தினமும் பின்னேரம் ஆறு தொடக்கம் ஒன்பது வரை வேண்டும், அதுவும் சத்தம் கூட்டி வைத்தால்தான் படலம் உறுதியாகக் கட்டும் என்பது அவர் தனியாக ஆராய்ந்து கண்ட முடிவு.