ஏழு ஏழு ஏழு

இரவு பதினொன்றே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். லேப்டாப் திரையைச் செல்போனில் சாய்வாக எடுத்தது. டியூப்லைட் வெளிச்சம் நட்டநடுவில் விழுந்து, படிக்க வேண்டிய வரியை மட்டும் அழித்திருக்கும். கீழே ஒரே சொல்: "அண்ணா?"

காளி லினக்ஸ் போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

இவனை உங்களுக்கும் தெரியும். இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. கறுப்பு வால்பேப்பர். மே மாதத்திலும் ஹூடி. காளி என்பது கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலைக்காரர்களுக்காக 2013-இல் வந்த சிஸ்டம். லினக்ஸே புதிது என்பவர்களுக்கு இது சரிப்படாது என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியதைப் படிக்கிற வழக்கம் இருந்தால் அவன் எனக்கு ஏன் போட்டோ அனுப்புகிறான்?

படிக்க மாட்டான், வீடியோ பார்ப்பான். அதுவும் 2018-இல் எடுத்த வீடியோ. அப்போதெல்லாம் காளிக்குள் நுழைந்தாலே ரூட், அதாவது வீட்டுக்காரர். எதைத் தட்டினாலும் நடக்கும். 2020-இன் முதல் பதிப்பிலிருந்து உள்ளே வருகிறவர் வெறும் குடித்தனக்காரர். சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் கட்டளைக்கு முன்னால் 'சூடோ' போட்டு, பாஸ்வேர்டு கொடுத்துத்தான் அடிக்க வேண்டும். வீடியோவில் அந்தச் சொல் இல்லை. ஆகவே இவனும் அடிப்பதில்லை. 'பர்மிஷன் டினைட்' என்று வரும். கூடவே 'ஆர் யூ ரூட்?' என்று ஒரு வரி.

"ஏதோ கேள்வி கேக்குதுண்ணா."

"நீ ரூட்டான்னு கேக்குதுடா."

"ஆமான்னு டைப் பண்ணட்டுமா?"

சூடோவைச் சொல்லிக் கொடுத்தால், பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து தெரியவில்லை, கீபோர்டு போச்சு என்பான். ஒருநாள் தன் பேரில் புது யூசர் உண்டாக்கிக்கொண்டான். 'நீ சூடோ பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்' என்று வந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடிவிட்டான். புகார் போவது அதே லேப்டாப்பின் ரூட்டுக்கு. அதாவது, அவனுக்கே.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது 777.

'சிஎச்மாட்' என்ற கட்டளை ஃபைலுக்கு உரிமை வழங்குவது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. உடைமையாளருக்கு ஒரு 7, அவர் குழுவுக்கு ஒரு 7, மற்ற எல்லாருக்கும் ஒரு 7. வாசல் கதவைக் கழற்றித் திண்ணையில் சாத்தி வைக்கிற காரியத்துக்கு எண்ணில் எழுதிய பெயர்தான் 777.

இவனுக்கு அது விபூதி. ஃபைல் திறக்கவில்லையா, 777. ஸ்கிரிப்ட் ஓடவில்லையா, 777. வைஃபை பிடிக்கவில்லை என்று எதற்கோ 777 போட்டிருந்தான். எதற்கு என்று அவனுக்கும் நினைவில்லை. வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சாவிக்கும் போட்டான். அந்தச் சாவி ஃபைலைப் பிறர் படிக்கும்படி விட்டால் எஸ்எஸ்எச் அதைத் தொடவே தொடாது. இப்படித் திறந்து கிடக்கிற சாவி வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எச்சரித்துவிட்டு ஒதுக்கிவிடும். நம்மாள் சொன்னது: "இன்னும் பர்மிஷன் பத்தலை போலண்ணா."

போன மாதம், ஒவ்வொன்றாகப் போடுவானேன் என்று சிஸ்டம் முழுவதுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டான். சூடோ ரூட்டின் அதிகாரத்தோடு ஓடுவதற்கு அதன் ஃபைலில் தனியாக ஒரு முத்திரை உண்டு. 777 போட்டால் அந்த முத்திரையும் அழிந்துபோகும். ஊருக்கெல்லாம் உரிமையை வாரி வழங்கியவனுக்குத் தன் வீட்டில் ஆணி அடிக்கவும் வழியில்லாமல் போயிற்று.

என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சிரிப்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. எர்ரர் மெசேஜ் தானாக முளைத்ததல்ல. யாரோ ஒருவர் உட்கார்ந்து, கோளாறு இன்னது என்று உனக்காக எழுதி வைத்தது. போட்டோ எடுக்கிற நேரத்தில் அதைப் படித்துவிடலாம். படித்தால் என்னடா?

எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஏற்றி முடித்ததும் கேட்டேன். "ஆமா, முதல்ல எதை இன்ஸ்டால் பண்ணப் போன?"

"விஎல்சிண்ணா. அந்த வீடியோ போன்ல சின்னதாத் தெரியுது. லேப்டாப்ல போட்டுப் பாக்கலாம்னு."

ஒரே வரியில் முடிகிற வேலை. அந்த வரியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு பதினொன்றே முக்கால். போட்டோ இல்லை, போனே வந்தது. அடிக்கடி சூடோ அடிப்பது தொல்லையென்று ரூட்டாகவே மாறி, அங்கிருந்தே விஎல்சியை இயக்கியிருக்கிறான். விஎல்சி ரூட்டுக்கு ஓடாது.

"அண்ணா, ரூட்டா இருந்தா ஓடாதாம்ணா. கூடவே ஸாரின்னு வேற போட்டிருக்கு."

எர்ரர் மெசேஜைப் படித்திருக்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என்ன இருந்தாலும் நல்ல பையன்.

"சரி, அப்ப என்ன செய்யணும்? நீயே சொல்லு."

சற்று யோசித்தான்.

"விஎல்சிக்கு ஒரு 777 போட்டுடவாண்ணா?"